திரைக்குப் பின்னால்: புள்ளி வைத்த கோப்புகளும் மூன்று திரைகளும்

போன இதழில் 'உங்கள் மேசையில் எத்தனை திரை?' என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திரையைப் பற்றியவை. மீதி, திரையை மாற்றியதும் லேப்டாப்பை மாற்றியதும் காணாமல் போன செட்டிங்ஸைப் பற்றியவை. ஒற்றைத் தலைவலி என்று நினைத்தேன், இரட்டையாக இருக்கிறது. சேர்த்தே பார்த்துவிடுவோம்.

கேள்வி: மேடம், போன மாதம் என் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. போட்டோ, ஆவணம் எல்லாம் பேக்கப்பில் பத்திரமாக இருந்தன. புது லேப்டாப்பில் அத்தனையும் இறக்கிய பிறகும் ஒரு வாரமாக வேறு யாருடைய வீட்டிலோ புழங்குவது போல இருக்கிறது. ஷார்ட்கட் இல்லை, டெர்மினல் நிறம் இல்லை, எடிட்டர் அமைப்பு இல்லை. லினக்ஸ்தான் அன்றும் இன்றும். எதை எடுத்து வைக்கத் தவறினேன்?
(பத்து வருஷமாக லினக்ஸில் இருக்கும் வாசகர்)

பதில்: புள்ளியில் பெயர் தொடங்கும் கோப்புகளை. உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லுங்கள். பல ஃபைல் மேனேஜர்களில் கண்ட்ரோலையும் எச்-சையும் சேர்த்து அழுத்தினால் போதும். நாலைந்து ஃபோல்டர் மட்டும் தெரிந்த இடத்தில் முப்பது நாற்பது பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் பத்து வருஷப் பழக்கம் குடியிருந்தது அங்கேதான். பேக்கப் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் டிக் செய்திருப்பீர்கள்.

இவை மறைந்திருப்பதே ஒரு விபத்து. லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதே ஃபோல்டரைக் குறிக்கும், மற்றது அதற்கு மேலே உள்ளதை. பட்டியல் போடும்போதெல்லாம் இந்த இரண்டும் வந்து நிற்கிறதே என்று, 'முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு' என எல்எஸ் கட்டளையில் யாரோ சுருக்கமாக ஒரு சோதனை எழுதினார்கள். இரண்டு பெயரை மறைக்கப் போய், புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. பெல் லேப்ஸில் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் இந்தக் கதையை எழுதினார். அந்தக் குறுக்குவழியால்தான் எல்லா மென்பொருளும் தன் குப்பையை நம் வீட்டில் கொட்டிவிட்டுப் புள்ளி வைத்து மூடிக்கொள்கிறது என்பது அவருடைய ஆதங்கம். எனக்கும்தான்.

குப்பையை ஒழுங்குபடுத்த 2003-இல் ஒரு விதி வந்தது. அமைப்பெல்லாம் '.கான்ஃபிக்' ஃபோல்டருக்குள், தற்காலிகமானதெல்லாம் '.கேஷ்' ஃபோல்டருக்குள் என்று பிரித்தார்கள். இன்று பெரும்பாலான மென்பொருள்கள் இதைக் கேட்கின்றன. பழைய ஆட்கள் சிலர் இன்னும் நடுக் கூடத்திலேயே படுத்திருக்கிறார்கள்.

சரி, அந்த '.கான்ஃபிக்' ஃபோல்டரை அப்படியே அள்ளி வைத்துவிடலாமா? பேக்கப்புக்கு அள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் வேறு லேப்டாப்பில் அப்படியே கொட்டாதீர்கள். அதில் மூன்று விதமான சரக்கு கலந்து கிடக்கிறது. முதலாவது உங்கள் பழக்கம்: எந்த விசைக்கு எந்த வேலை, எந்தக் கட்டளைக்கு என்ன செல்லப்பெயர், என்ன நிறம். இது எந்த மெஷினுக்குப் போனாலும் கூட வர வேண்டியது. இரண்டாவது அந்த மெஷினின் சங்கதி: டச்பேடின் வேகம், எழுத்தின் அளவு, திரைகள் நிற்கும் வரிசை. இதையும் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அந்த மெஷினின் பெயர் போட்டுத் தனிக் கோப்பில். மூன்றாவது அந்த நேரத்து நினைவு: கடைசியாகத் திறந்த கோப்பு, ஜன்னலின் அகலம், தேடல் வரலாறு. இது வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன விதியில் இந்த மூன்றாவதுக்கென்றே '.லோக்கல்' ஃபோல்டருக்குள் 'ஸ்டேட்' என்று ஒரு இடம் 2021-இல் சேர்த்தார்கள். ஆனால் பல மென்பொருள்கள் இன்னும் மூன்றையும் ஒரே கோப்பில் பிசைந்துதான் வைக்கின்றன. ஜன்னலை ஒருமுறை இழுத்து விட்டால்கூட அமைப்புக் கோப்பு மாறிவிட்டதாகக் காட்டும்.

அதனால் சின்னதாக ஆரம்பியுங்கள். ஷெல்லின் (டெர்மினலில் நம் கட்டளைகளைப் படிப்பது) கோப்பு, எடிட்டரின் கோப்பு, கிட்டின் (கோப்புகளின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் மென்பொருள்) கோப்பு. மூன்று போதும். ஒரு ஃபோல்டரில் போட்டு, கிட் வைத்து ஒரு கமிட், அதாவது அன்றைய நிலையின் ஒரு பதிவு. அப்புறம் வாரத்துக்கு ஒன்று சேர்ந்தால் சேரட்டும்.

என் கதையையும் சொல்கிறேன். என்னுடைய ஷெல் கோப்பான '.பாஷ்ஆர்சி' ஒரு காலத்தில் 410 வரி. பாதி, எங்கிருந்தோ ஒட்டியது. ஒரு நாள் ஏதோ மெதுவாகத் திறக்கிறதே என்று மேலிருந்து படித்தேன். எழுபதாவது வரி வாக்கில், நான் எப்போதோ தூக்கிப் போட்ட ஒரு பிரிண்டருக்கான செல்லப்பெயர். அதற்குக் கீழே ஒரு வரி. என்னவென்று எனக்கே தெரியவில்லை, எடுக்கவும் பயம். அன்றைக்கு முழுக் கோப்பையும் வேறு பெயரில் ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கோப்போடு வேலை பார்த்தேன். கை எதையாவது தேடினால் மட்டும் அந்த ஒரு வரியைத் திருப்பிக் கொண்டுவருவது, பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்பு எழுதுவது. இரண்டு மாதத்தில் 62 வரி திரும்பி வந்தது. மீதியை இன்றுவரை கை தேடவில்லை. பிரிண்டருக்குக் கீழே இருந்த அந்த வரி என்ன செய்தது என்பதும் இன்றுவரை தெரியாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே லேப்டாப். டாட்ஃபைல்களை (அந்தப் புள்ளிக் கோப்புகளை) வைத்துக்கொள்ள ஸ்டோ, 'பேர்' ரெப்போ, ஷேமுவா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது நல்லது அக்கா?
(கல்லூரி மாணவி)

பதில்: மூன்றிலும் நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இப்போது ஸ்டோவில் இருக்கிறேன். வேலை எளிது: அசல் கோப்பு உன் ரெப்போவில் (கிட் வரலாறு வைத்திருக்கும் ஃபோல்டர்) இருக்கும், அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிம்லிங்க், அதாவது அசலைச் சுட்டும் பெயர், மட்டும் நிற்கும். எங்கே திருத்தினாலும் அசல்தான் மாறும். ஆனால் இரண்டு இடத்தில் கால் வைக்கும்போது பார்த்து வை. ஒன்று, போகிற இடத்தில் அந்த மென்பொருளின் ஃபோல்டரே இல்லையென்றால், ஸ்டோ முழு ஃபோல்டரையும் ஒரே லிங்க்காகப் போட்டுவிடும். அப்புறம் அந்த மென்பொருள் எழுதுகிற கேஷ், வரலாறு எல்லாம் உன் ரெப்போவுக்குள் வந்து விழும். 'நோ-ஃபோல்டிங்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிடு. இரண்டு, சில மென்பொருள்கள் சேமிக்கும்போது புதுக் கோப்பை எழுதிப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். அந்தக் கணத்தில் உன் லிங்க் காலி, அங்கே நிஜக் கோப்பு உட்கார்ந்திருக்கும். நீ மாதக்கணக்கில் திருத்திக்கொண்டே இருப்பாய், ரெப்போ பழைய கதையையே வைத்திருக்கும். நான் எட்டு மாதம் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

'பேர்' ரெப்போ முறையில் கூடுதல் மென்பொருளே வேண்டாம், கிட் மட்டும் போதும். ஹோம் ஃபோல்டரே வேலை செய்யும் இடம் ஆகிவிடும். அழகான யோசனை. ஆனால் பின்தொடராத கோப்புகளைத் துடைக்கும் 'கிளீன்' கட்டளையை அங்கே பழக்கதோஷத்தில் கட்டாய ஆப்ஷனோடு அடித்தால், அது துடைப்பது உன் ஹோம் ஃபோல்டரை. எனக்குக் கை வேகம் ஜாஸ்தி. அதனால் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன்.

ஷேமுவா என்றால் பிரெஞ்சில் 'என் வீட்டில்' என்று பொருள். லிங்க் போடாமல் நகல் எடுத்து வைக்கும். ஒரே கோப்பில் 'இந்த மெஷின் என்றால் இப்படி, அந்த மெஷின் என்றால் அப்படி' என்று எழுதலாம். ஆபீஸ் ஒன்று, வீடு ஒன்று, சர்வர் ஒன்று என்று நாலைந்து மெஷினில் மேய்பவர்களுக்கு இதுதான் சரி. உன்னிடம் இருப்பது ஒரே லேப்டாப் என்று எழுதியிருக்கிறாய். ஸ்டோ போதும். அதுவும் பிடிக்கவில்லையென்றால், பத்து வரியில் லிங்க் போடும் ஒரு ஸ்கிரிப்டை நீயே எழுது. தப்பாக எழுதினாலும் கற்றுக்கொள்வாய்.

கேள்வி: என் டாட்ஃபைல் ரெப்போவை எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தேன். அதில் எஸ்எஸ்எச் பிரைவேட் கீயும் (சர்வர்களுக்குள் நுழையும் ரகசியச் சாவி) போயிருந்ததை மூன்று நாள் கழித்துக் கவனித்தேன். உடனே அழித்துவிட்டேன். இனி பிரச்சினை இல்லையே?
(பெயர் வேண்டாம்)

பதில்: இருக்கிறது. கோப்பை அழித்தது கடைசி கமிட்டில் மட்டும்தான். முந்தைய கமிட்டுகளில் அந்தச் சாவி இன்னும் அப்படியே தொங்குகிறது. வரலாற்றைத் திருத்தி எழுதலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. மூன்று நாளில் யார் எடுத்தார்களோ. முதல் வேலை, அந்தச் சாவி திறக்கும் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் அதை நீக்கிவிட்டுப் புதுச் சாவி செய்வது. இந்த இதழை மூடி வைத்துவிட்டு இப்போதே செய்யுங்கள்.

செய்துவிட்டீர்களா? இனிமேல் பொதுவில் போடும் ஷெல் கோப்பின் கடைசியில், 'லோக்கல் என்று ஒரு கோப்பு இருந்தால் அதையும் படி' என்று ஒரு வரி எழுதி, டோக்கன், கடவுச்சொல், ஆபீஸ் முகவரி எல்லாவற்றையும் அந்த லோக்கல் கோப்பில் வையுங்கள். அது ரெப்போவுக்குள் நுழையவே கூடாது. கிட்டின் அமைப்புக் கோப்பிலும் இப்படி இன்னொரு கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. 2017 முதல், 'இந்த ஃபோல்டருக்குள் இருந்தால் மட்டும் சேர்' என்று நிபந்தனையும் போடலாம். ஆபீஸ் ஃபோல்டரில் ஆபீஸ் மின்னஞ்சல், சொந்த ஃபோல்டரில் சொந்த மின்னஞ்சல் என்று கமிட் தானாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: லேப்டாப்போடு இரண்டு மானிட்டர், நடுவில் ஒரு டாக் (ஒரே வயரில் எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி). லினக்ஸில் திரைகளை அடுக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் 'டிபி-3-1 என்று ஒரு அவுட்புட்டே இல்லை' என்கிறது. டாக் கெட்டுவிட்டதா?
(மென்பொருள் சோதனையாளர்)

பதில்: டாக் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் ஆளைக் கூப்பிடாமல் வீட்டு எண்ணைக் கூப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான். ஸ்கிரிப்டில் 'டிபி-3-1' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மானிட்டரின் பெயர் அல்ல, அது செருகியிருக்கும் பொந்தின் பெயர். லேப்டாப்பில் நேரடியாக உள்ள எச்டிஎம்ஐ பொந்துக்குப் பெயர் பெரும்பாலும் மாறாது. டாக் ஒரே வயரில் இரண்டு திரைக்குப் படம் அனுப்பும்போது, உள்ளே புதிதாகப் பொந்துகள் உருவாகின்றன. கழற்றி மாட்டினால் நேற்றைய டிபி-3-1 இன்று டிபி-5-1 ஆகலாம். இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு அடையாளச் சீட்டு இருக்கிறது. ஈடிஐடி என்பார்கள். அடிப்படைச் சீட்டு வெறும் 128 பைட். அதற்குள் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, மாடல் எண், வரிசை எண், எந்த ஆண்டு செய்தது, எந்த ரெசல்யூஷன் பிடிக்கும் என்று எல்லாம் இருக்கிறது. ஆண்டை முழுசாக எழுத இடமில்லாமல் 1990-லிருந்து எத்தனை ஆண்டு என்று ஒரே பைட்டில் வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய மானிட்டரின் சீட்டில் அந்த பைட்டை நான் கையால் படித்துப் பார்த்தேன். 21 என்று இருந்தது. பிறந்தது 2011.

லினக்ஸில் திரைக்குப் படம் வரையும் அமைப்பு இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலேண்ட். எக்ஸ்11 என்றால் 'ஆட்டோரேண்டர்' என்று ஒன்று இருக்கிறது. திரைகளை ஒருமுறை உங்களுக்குப் பிடித்தபடி அடுக்கிவிட்டு, 'மேசை' என்று பெயர் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். அது ஒவ்வொரு மானிட்டரின் சீட்டையும் அடுக்கிய விதத்தையும் சேர்த்து '.கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் எழுதி வைக்கும். அடுத்த முறை அதே சீட்டுகளைக் கண்டால் அதே அடுக்கு. டாக்கைக் கழற்றிவிட்டு, லேப்டாப் மட்டும் இருக்கும்போதும் ஒருமுறை 'தனியே' என்று சேமியுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வேலேண்டில் ஸ்வே மாதிரி டெஸ்க்டாப் என்றால் 'கான்ஷி' இதே வேலையைச் செய்யும். அதன் கோப்பில் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் என்று மானிட்டரின் முழுப் பெயரையே எழுதலாம். பெரிய டெஸ்க்டாப்புகளான க்னோமும் கேடிஇ-யும் இதைத் தாங்களாகவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு சங்கடம் உண்டு. சில தயாரிப்பாளர்கள் வரிசை எண்ணை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். அதே மாடலில் இரண்டு வாங்கினால் சீட்டை வைத்து எது இடது, எது வலது என்று சொல்ல முடியாது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பிறப்புச் சான்றிதழ் கொடுத்த கதை. அங்கே மட்டும் பொந்தின் பெயருக்குத்தான் திரும்ப வேண்டும்.

அப்புறம், ஸ்கிரிப்ட் எழுதும் எல்லாருக்கும் ஒன்று. நான் ஒரு காலத்தில் டெஸ்க்டாப் தொடங்கும்போதே ஓடும்படி ஒரே வரி எழுதியிருந்தேன்: எச்டிஎம்ஐ திரையை ஏற்று, லேப்டாப் திரையை அணை. மேசையில் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். லேப்டாப்பைத் திறந்தேன், லாகின் செய்தேன், திரை கறுத்தது. எச்டிஎம்ஐயில் எதுவும் இல்லை. புரொஜெக்டரின் வயரை இன்னும் யாரும் என் கையில் கொடுக்கவே இல்லை. என் வரி மட்டும் சொன்னதைச் செய்துவிட்டது: இல்லாத திரையை ஏற்றப் பார்த்தது, இருந்த ஒரே திரையை அணைத்தது. பவர் பட்டனைப் பிடித்து அணைத்து மறுபடி திறந்தேன். மறுபடி லாகின், மறுபடி கறுப்பு. மூன்றாவது முறை லாகின் செய்யாமல் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினேன். வெறும் எழுத்துத் திரை வந்தது. வேர்த்த விரலோடு விஐ எடிட்டரில் கோப்பைத் திறந்து, அந்த வரி ஓடாதபடி அதற்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன். முன்வரிசையில் ஒருவர், 'இதுவும் உங்கள் டெமோவில் சேர்த்தியா?' என்று கேட்டார். சேர்த்திதான் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடு. எதையும் அணைப்பதற்கு முன், வேறு திரை நிஜமாகவே இணைந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் கேட்டுவிட்டுத்தான் அணைக்கும். இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு அடிக்க ஒரு அபய விசை. எக்ஸ்11-இல் எக்ஸ்ரேண்டருக்கு 'ஆட்டோ' என்ற ஒற்றைத் தேர்வை மட்டும் கொடுத்தால், இணைந்திருக்கும் எல்லாத் திரையும் ஏறிவிடும். ஸ்வேயில் எல்லா அவுட்புட்டுக்கும் 'எனேபிள்'. இதை மூன்று விரல் சேர்க்கை ஒன்றில் போட்டு வையுங்கள். எனக்கு அது சூப்பர் (விண்டோஸ் விசை), ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ். ஏழெட்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

கேள்வி: லேப்டாப் 14 அங்குலம், மானிட்டர் 24 அங்குலம். இரண்டும் 1920-க்கு 1080 தான். ஜன்னலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் எழுத்து பூதமாகிவிடுகிறது. ரெசல்யூஷன் ஒன்றுதானே?
(மொழிபெயர்ப்பாளர்)

பதில்: புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்று, நெருக்கம் வேறு. அதே 1920 புள்ளியை 14 அங்குலத்தில் நெருக்கினால் ஒரு அங்குலத்துக்கு 157 புள்ளி விழும். 24 அங்குலத்தில் பரப்பினால் 92. எழுத்து ஏறக்குறைய 1.7 மடங்கு பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்? கணக்கு சுலபம்: அகலப் புள்ளியின் வர்க்கம், உயரப் புள்ளியின் வர்க்கம் இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, மூலைவிட்ட அங்குலத்தால் வகுங்கள். மானிட்டர் வாங்கும் முன் எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. 27 அங்குல 4கே (3840-க்கு 2160) திரைக்கு இது 163. உங்கள் லேப்டாப்போடு ஜோடி சேரும். நான் அதற்காகவே அதை வாங்கினேன்.

இப்போதைக்கு இருப்பதை வைத்துச் சமாளிக்க, எக்ஸ்11-இல் இருந்தால் வேலேண்டுக்கு மாறுங்கள். எக்ஸ்11-இல் எழுத்துக்கான நெருக்கம் மொத்த டெஸ்க்டாப்புக்கும் ஒன்றுதான். வேலேண்டில் திரைக்குத் திரை வேறு அளவு வைக்கலாம். ஒன்றரை மடங்கு மாதிரிப் பின்னங்கள் மங்கலாகத் தெரிகின்றன என்ற புகார் ரொம்ப நாள் இருந்தது. 2022-இல் அதற்கென்று தனி நெறிமுறை வந்தபிறகு, அதை ஏற்றுக்கொண்ட மென்பொருள்களில் எழுத்து துல்லியமாக இருக்கிறது. லேப்டாப்புக்கு 1.5, மானிட்டருக்கு 1 என்று வைத்துப் பாருங்கள்.

வைத்தபிறகு சுட்டி இரண்டு திரைக்கு நடுவில் முட்டிக்கொண்டு நின்றால் பதறாதீர்கள். ஸ்வே மாதிரி இடங்களில் திரை நிற்கும் இடத்தை நாமே எண்ணில் எழுதுகிறோம். அந்த எண், திரையின் புள்ளிகளை அளவால் வகுத்தபிறகு வரும் எண். 1920 அகலமுள்ள திரையை 1.5-இல் வைத்தால் அது 1280 அகலம்தான் பிடிக்கும். அடுத்த திரை 1280-இல் தொடங்க வேண்டும். பழைய ஞாபகத்தில் 1920 என்று எழுதினால் நடுவில் 640 அளவுக்கு ஒரு பள்ளம்.

கேள்வி: 4கே மானிட்டரை டாக் வழியாக இணைத்தால் சுட்டி இழுத்து இழுத்து நகர்கிறது. நேரடி வயரில் நன்றாக இருக்கிறது.
(வீடியோ எடிட்டர்)

பதில்: திரையின் செட்டிங்ஸில் 30 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 30 படம்) என்று இருக்கும், பாருங்கள். யூஎஸ்பி-சி வயருக்குள் வேகமான பாதைகள் நான்கு. டாக்கில் வேக யூஎஸ்பியும் வேண்டும் என்றால் பல டாக்குகள் இரண்டை அதற்குக் கொடுத்துவிடும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்ற படம் அனுப்பும் முறையின் வேகத்தில் ஒரு பாதைக்கு வினாடிக்கு உருப்படியாக 4.32 கிகாபிட், இரண்டுக்கு 8.64. 4கே படத்தை வினாடிக்கு 60 முறை அனுப்ப 12 கிகாபிட்டுக்கு மேல் வேண்டும். நுழையாது. அதனால் 30-க்கு இறங்கி வருகிறது. லேப்டாப்பும் டாக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் அதே இரண்டு பாதையில் 12.96 கிகாபிட் போகும். மயிரிழையில் நுழைந்துவிடும். டாக்கிலிருந்து மானிட்டருக்கு எச்டிஎம்ஐ வழியாகப் போகிறீர்கள் என்றால் அந்தப் பொந்து 1.4-ஆ, 2.0-வா என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4-க்கு 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான் எல்லை. எதுவும் சரிப்படவில்லையென்றால் மானிட்டரை நேராக லேப்டாப்பில் மாட்டி, டாக்கைக் கீபோர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இரண்டு வயர் கழற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை.

கேள்வி: மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடுகிறது. மானிட்டரில் மட்டும் வேலை பார்க்க வழி?

பதில்: சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நடத்தும் நிரல்) உள்ள லினக்ஸில் வெளித்திரை இணைந்திருந்தால் மூடியைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் இயல்பு. உங்களுடையது தூங்குகிறது என்றால் டெஸ்க்டாப்பின் பவர் செட்டிங்ஸில் வேறு யாரோ முடிவெடுக்கிறார்கள். அங்கே தேடுங்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸில் மூடிக்கென்றே ஒரு பக்கம் உண்டு. சார்ஜரில் இருக்கும்போது 'ஒன்றும் செய்யாதே' என்று வையுங்கள். பேட்டரியில் இருக்கும்போது அப்படி வைக்க வேண்டாம். பைக்குள் போட்ட பிறகும் ஓடிக்கொண்டிருக்கும், எடுக்கும்போது சுடும்.

கேள்வி: எப்போதும் லினக்ஸ்தானா மேடம்? விண்டோஸில் இருக்கும் எங்களுக்கு ஒரு நாலு வரி?
(விண்டோஸ் 11 வாசகர்)

பதில்: நாலு வரி. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதில் பல திரைகளுக்கான பகுதியைத் திறந்தால், மானிட்டர் இணைப்பை வைத்து ஜன்னலின் இடத்தை நினைவில் வைத்துக்கொள் என்று ஒரு டிக் இருக்கும், போடுங்கள். ஜன்னலை அடுத்த திரைக்குத் தள்ள விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி. கழற்றிய மானிட்டரோடு ஒரு ஜன்னலும் காணாமல் போனால், டாஸ்க்பாரில் அதைத் தேர்ந்துகொண்டு இதே மூன்று விசையை அடியுங்கள், திரும்பி வரும். புரொஜெக்டர் முன்னால் நிற்கும்போது விண்டோஸும் பி-யும், எந்தத் திரையில் காட்ட என்று கேட்கும்.

கேள்வி: ஒரு மானிட்டரை நிமிர்த்தி நீளவாக்கில் வைத்திருக்கிறேன். லாகின் செய்தபிறகு சரியாக இருக்கிறது. லாகின் திரை மட்டும் படுத்துக்கொண்டே வருகிறது. தலையைச் சாய்த்துப் பாஸ்வேர்டு அடிக்கிறேன். க்னோம்.

பதில்: கழுத்துக்கு நல்ல பயிற்சி. லாகின் திரை என்பது உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும் இன்னொரு பயனர், அதற்குத் தனி ஹோம் ஃபோல்டர். உங்கள் அமைப்பு அதற்குத் தெரியாது. உங்கள் '.கான்ஃபிக்' ஃபோல்டரில் 'மானிட்டர்ஸ்' என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை லாகின் பயனரின் அமைப்பு ஃபோல்டரில் (பல பதிப்புகளில் அதுவும் '.கான்ஃபிக்'தான்) நகலெடுத்து வையுங்கள், உரிமையாளரையும் அந்தப் பயனருக்கே மாற்றிவிடுங்கள். திரைகளின் வரிசையை மாற்றும்போதெல்லாம் மறுபடி நகலெடுக்க வேண்டும். மறந்துவிடுவீர்கள், நான் மறக்கிறேன்.

கேள்வி: என் கணவர் ஞாயிறு முழுவதும் டெஸ்க்டாப்பைச் சீவிச் சிங்காரிக்கிறார். கேட்டால் 'வேலை வேகமாக நடக்கும்' என்கிறார். வேலை எப்போது நடக்கும் என்று தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
(ஒரு வாசகி)

பதில்: அவரிடம் கமிட் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். கிட்டில் 'லாக்' என்று அடித்தால் வரும். என்ன செய்தார், என்றைக்குச் செய்தார் என்று தேதிவாரியாக இருக்கும், மறைக்க முடியாது. உங்களுக்கு இந்த யோசனையைச் சொல்வதற்கு முன் நியாயமாக என்னுடையதையும் எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷம் 61 கமிட். அதில் 23 டெர்மினலின் பின்னணி நிறம். கருநீலத்தில் ஆரம்பித்துச் சாம்பல், கரும்பச்சை, மறுபடி சாம்பல் என்று போய், போன வாரம் அதே கருநீலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர் என்ன நிறம் வைத்திருக்கிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.